மூடியில்லாத இருநூறு பாட்டில்கள்

அத்தியாயம் 14

போன வாரம் ஒரோன்சோவை முற்றத்தின் நடுவே ஒரு நாற்காலி மேல் ஏற்றி, கையில் அட்டவணையைக் கொடுத்து, அப்படியே நிற்கவைத்துவிட்டுப் போய்விட்டோம். ஏழு நாளாக மனிதர் இறங்கவில்லை. யாராவது இறங்கச் சொன்னாலும் இறங்குகிற ஆள் அல்ல.

மொந்தெசாலே ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். தினம் இரண்டு ரயில்கள். காலையில் ஒன்று லெச்சே நகரத்துக்குப் போகும், மாலையில் ஒன்று லெச்சேயிலிருந்து வரும்; இரண்டும் ஒரே ரயில்தான். அந்த ஒற்றை ரயிலை வைத்துக்கொண்டு அவர் முப்பத்தொரு வருடம் ஒரு சாம்ராஜ்யம் நடத்தினார். ஓய்வு பெற்றதும் சாம்ராஜ்யம் வீட்டு முற்றத்துக்கு மாற்றலாகி வந்தது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. ஒரோன்சோவின் மனைவி நுன்சியா. வயது அறுபத்திரண்டு, நாக்கில் மட்டும் வயது ஏறவில்லை. ஒரே மகன் தொனாத்தோ, டவுன் பஸ் ஓட்டுகிறான். மருமகள் மிரெல்லா. கல்யாணமாகி ஆறு வருடம். ஆறு வருடமாக எங்கள் தெரு அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தது.

இந்த ஆகஸ்டில் பத்து வாரம். வீட்டில் நாலு பேருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் அது. அதாவது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதி தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருந்தது.

அதை முறைப்படி வெளியிடும் பொறுப்பை ஒரோன்சோ தானாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

“நாலு ஐம்பது, தக்காளி கழுவுதல்,” என்று நாற்காலியிலிருந்து வாசித்தார். “ஆறு பத்து, நறுக்குதல். ஏழு முப்பது, முதல் கொப்பரை. பத்து மணி, பாட்டில் நிரப்புதல். பன்னிரண்டு நாற்பது, பீப்பாய்க்குத் தீ. ஒன்று பதினைந்து...” நிறுத்தினார். மருமகளைப் பார்த்துக் கண் சிமிட்டினார். “ஒன்று பதினைந்து, சிறப்பு அறிவிப்பு.”

“இறங்கு ஒரோன்சோ, நாற்காலி ஆடுது,” என்றாள் நுன்சியா. “நீ விழறதுக்கும் நேரம் குறிச்சிருக்கியா?”

“இன்னும் ஒண்ணு பாக்கி. இந்த வருஷம் உப்பு கிடையாது.”

தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். ஒரோன்சோ சட்டைப் பையிலிருந்து பத்திரிகையில் வெட்டியெடுத்த ஒரு துண்டை எடுத்தார்.

“சர்க்கரை கிடையாது. எண்ணெய் கிடையாது. உப்பு கிடையாது. தக்காளி, பாட்டிலுக்கு ஒரு திருநீற்றுப் பச்சிலை. அவ்வளவுதான். இதுதான் ஆரோக்கியமான விஞ்ஞான முறைன்னு போட்டிருக்கான்.”

“நாங்க நூறு வருஷமா போடறதும் அதேதானேய்யா?” என்றாள் பக்கத்து வீட்டுப் பொம்பீலியா. “உப்பு மட்டும் ஒரு சிட்டிகை. அதை எடுத்துட்டா விஞ்ஞானம் ஆயிடுமா?”

“எனக்கு ரத்தக் கொதிப்புன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

“அது உப்பால வந்ததில்ல,” என்றாள் நுன்சியா. “கொடி காட்ட ரயில் இல்லாம வந்தது.”

முற்றம் சிரித்தது. மிரெல்லாவும் சிரித்தாள். அன்றைய தினத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான் என்பதால் எழுதி வைக்கிறேன்.

*

வருடத்துக்கு வேண்டிய சாஸை ஒரே நாளில் போட்டு வைக்கிற தக்காளி நாளுக்கு எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு. அது ஒரோன்சோவின் அட்டவணையைவிடப் பழையது, அதைவிடக் கண்டிப்பானது.

மாதவிலக்கில் தூரமான பெண் தக்காளியைத் தொடக் கூடாது. தொட்டால் சாஸ் புளித்துப் பொங்கும், பீப்பாய்த் தண்ணீரில் வேகவைக்கிற பாட்டில் வெடிக்கும். ஆகவே அன்று தூரமானவள் சுவரோரமாக உட்கார்ந்து பாதாம் உடைப்பாள். வீதியில் போகிறவர்கள் வாசல் வழியாக ஒரு பார்வை பார்த்தால் போதும். எந்த வீட்டு மருமகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். நகராட்சி அறிவிப்புப் பலகைகூட இவ்வளவு சுத்தமாகத் தகவல் தருவதில்லை.

கல்யாணமாகி வந்த ஐந்து ஆகஸ்டுகளில் மூன்றில் மிரெல்லா பாதாம் உடைத்தாள். மூன்று முறையும் தெரு “ச்சு” கொட்டியது.

மற்ற இரண்டில் ஒன்று மூன்று வருடத்துக்கு முந்தியது. அந்த வருடம் அவள் தக்காளி தொட்டாள். பீப்பாயில் பதினேழு பாட்டில்கள் வெடித்தன. மறைத்துவிட்டுத் தொட்டிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். பொம்பீலியா அதை நேரிலேயே கேட்டாள். மிரெல்லா அழுதாள். தொனாத்தோ பொம்பீலியாவோடு ஆறு மாதம் பேசவில்லை. நுன்சியா ஒரு பக்கமும் பேசாமல் உடைந்த கண்ணாடியைப் பெருக்கி அள்ளினாள்.

இந்த வருடம் மிரெல்லா காலை நாலு ஐம்பதுக்கே தொட்டிக்கருகே வந்து நின்றுவிட்டாள். பாதாம் கூடையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“நீ நிக்காத, உக்காந்து வேலை பாரு,” என்று நுன்சியா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

வேலை சுலபமானதுதான். கொப்பரையில் வெந்து தோல் கழன்ற தக்காளியைத் தண்ணீர் வடித்து எடுத்து வருவார்கள். மிரெல்லா அதை இயந்திரத்தின் வாயில் கரண்டியால் தள்ள வேண்டும். பொம்பீலியா கைப்பிடியைச் சுற்றுவாள். ஒரு பக்கம் சாறு வழியும், மறு பக்கம் தோலும் விதையும் விழும். விழுந்த தோலை இன்னொரு முறை போட்டு அரைத்தால் கெட்டிச் சாறு வரும். இரண்டாம் சுற்றைத் தவிர்க்கிறவள் குடும்பம் நடத்தத் தெரியாதவள் என்பது பொம்பீலியாவின் கட்சி.

ஒன்பதரை மணிக்கு ஒரோன்சோ பார்வையிட வந்தார். தொப்பி மட்டும்தான் குறை.

“பாட்டில்?”

“இருநூறு. கழுவிக் கவிழ்த்தாச்சு,” என்றான் தொனாத்தோ.

“புனல்?”

“இருக்கு.”

“பச்சிலை?”

“இருக்கு.”

“மூடி?”

தொனாத்தோ பாட்டில்களைத் திரும்பிப் பார்த்தான். 

“மூடிக்கு அட்டவணையில எத்தனை மணி மாஸ்டர்?” என்று பொம்பீலியா கைப்பிடியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

ஒரோன்சோ காகிதத்தைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“மூடியெல்லாம் துணைச் சாமான். அதைத் தனியா குறிக்கிற வழக்கம் கிடையாது.”

“அப்ப வாயில விரலை வெச்சு அடைச்சிக்கலாமா? இருநூறு விரல் வேணுமே.”

ஆகஸ்ட் நடுவில் எங்கள் ஊரில் கடைகள் கிடையாது. கடைக்காரர்கள் எல்லாரும் விடுமுறைக்குக் கடலோரம் போயிருப்பார்கள். டாக்டரும் கடலோரம்தான். நோயாளிகளும் கடலுக்குப் போய்விடுவதால் இதுவரை பெரிய சிக்கல் வந்ததில்லை. தொனாத்தோ கார் சாவியை எடுத்தான்.

“லெச்சேல தேடிப் பாக்கறேன். இல்லன்னா இன்னும் கீழ போகணும்.” முக்காலியருகே குனிந்து மிரெல்லாவின் உச்சந்தலையில் முத்தமிட்டான். “ரொம்ப குனியாத, சரியா?”

“நீ சீக்கிரம் வா.”

“அறிவிப்புக்கு முன்னாடி வந்துடுவேன். அப்பா பேசறப்ப நான் இல்லன்னா அவரு எனக்கும் சேத்துப் பேசிடுவாரு.”

கார் போன சத்தம் அடங்கிய சிறிது நேரத்தில், மிரெல்லாவின் அடிவயிற்றில் யாரோ ஒரு நூலின் நுனியைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

*

முதலில் அவள் நம்பவில்லை. தூக்கம் போதவில்லை, வெயில், குனிந்தே இருக்கிறோம் என்று வரிசையாகக் காரணம் சொல்லிக்கொண்டாள். இரண்டாம் முறை இழுத்தபோது காரணங்கள் தீர்ந்துவிட்டன. ஈரம் தெரிந்தது.

எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

படுக்க வேண்டும் என்பதும் தெரியும். ரத்தம் கொஞ்சமாகப் பட்டால் பயப்படாதே, படுத்துக்கொள், சில சமயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுக்க வேண்டுமென்றால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது நடந்தது ஆகிவிடும். கரண்டி கையில் இருக்கிறவரை, தக்காளி இயந்திரத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறவரை, அவள் இன்னும் பத்து வாரக்காரிதான்.

மிரெல்லா தக்காளியைத் தள்ளினாள்.

“ஆம்பளைப் புள்ளை பொறந்தா தாத்தா பேருதானே வைக்கணும்?” என்றாள் பொம்பீலியா, சுற்றிக்கொண்டே. “ஒரோன்சோ! பாவம், பள்ளிக்கூடத்துல அந்தப் பேரை வெச்சிக்கிட்டு என்ன பாடு படுமோ.” பிறகு நினைவு வந்து, “சும்மா பொதுவா சொன்னேன். யாருக்குன்னு இல்ல,” என்று சேர்த்துக்கொண்டாள்.

“ம்.”

“என்ன ‘ம்’? பொண்ணுன்னா நுன்சியா. அதுவும் ஒண்ணும் பெரிய லாபமில்ல. முகம் ஏன் வெளுத்துக் கிடக்கு?”

“வெயில் சித்தி.”

“வெயில்ல முகம் சிவக்கும்டி, வெளுக்காது. தண்ணி குடி.”

அவள் குடிக்கவில்லை. ஒரு கையால் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முற்றத்தில் எல்லார் கையும் முழங்கை வரை சிவப்பு. எல்லார் ஏப்ரனிலும் சிவப்பு. தரைக் கல்லில் சிவப்பு, சுவரில் தெறித்த சிவப்பு. எங்கள் ஊரில் ஒரு பெண் வருடத்தில் ஒரு நாள்தான் இவ்வளவு வெளிச்சத்தில் இப்படி உட்கார்ந்துகொண்டு யார் கண்ணிலும் படாமல் இருக்க முடியும்.

நுன்சியாவின் கண்ணுக்கு மட்டும் அது பலிக்கவில்லை.

அவள் கொப்பரையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். மிரெல்லா ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பிறகு முக்காலியின் பிரம்புப் பின்னலைப் பார்த்தாள். நாற்பது ஆகஸ்டில் தக்காளிக் கறையைக் கல்லிலும் துணியிலும் கையிலும் பார்த்த பெண்ணுக்கு, எது தக்காளி இல்லை என்று தெரியாமல் போகாது.

இரண்டு நொடி நின்றாள். திரும்பிப் போனாள். ஆறிப்போன தோலும் விதையும் நிறைந்த பெரிய தாம்பாளத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் அதை அப்படியே மருமகளின் மடியில் கவிழ்த்தாள்.

முற்றம் “ஐயோ” என்றது.

“கண்ணு எங்க இருக்கு உனக்கு?” என்று நுன்சியா கத்தினாள். “ஆள் வர்றது தெரியாம நடுவழியில உக்காந்திருக்கே! ஒரு தாம்பாளம் போச்சு. ஒரு வேலைக்குத் துப்பு இருக்கா? எழுந்திரு. போ உள்ள. போய் மாத்திக்கிட்டு வா, போ!”

மிரெல்லா எழுந்தாள். மார்பிலிருந்து கால் வரை தக்காளி வழிந்தது. ஆறு வருடத்தில் மாமியார் திட்டாதவள் அல்ல. ஆனால் இப்படி, இத்தனை பேர் முன்னால், இன்று.  உள்ளே போனாள்.

“என்ன நுன்சியா இது?” என்றாள் பொம்பீலியா. “புள்ளத்தா... அதாவது, சின்னப் பொண்ணு. நீதான் போய் அவ மேல மோதினே. நான் பாத்தேன்.”

“பாத்தேன்னா நல்லா பாத்துக்கோ. தெரு முழுக்கப் போய்ச் சொல்லு.”

“சொல்லத்தான் போறேன்.”

“சொல்லு.”

நுன்சியா ஒரு வாளித் தண்ணீரை எடுத்து முக்காலி மேல் ஊற்றினாள். இன்னொரு வாளி. பிறகு முக்காலியைத் தலைகீழாக வெயிலில் கவிழ்த்தாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரோன்சோ கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து நாற்பத்திரண்டு. ஒரு தாம்பாளம் சேதாரம்,” என்று அட்டவணையின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

*

அறைக்குள் நுன்சியா வந்தபோது மிரெல்லா நனைந்த துணியோடு கட்டிலின் கால்மாட்டில், தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“நான் வேணும்னு வழியில உக்காரலம்மா.”

“தெரியும்.”

“எல்லாரும் பாக்க...”

“எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. உன்னைப் பாக்கல.” நுன்சியா குனிந்து அவள் செருப்பைக் கழற்றினாள். “எப்பலேர்ந்து?”

மிரெல்லா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் தாம்பாளம் ஏன் கவிழ்ந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

“பத்து மணிலேர்ந்து.”

“கிறுக்கி. எழுந்திரு, மேல படு. என் தோளைப் பிடி.”

துணியை மாற்றினாள், பழைய துண்டுகளை மடித்து வைத்தாள், சமையலறைக்குப் போய் போனில் நாலே வார்த்தை பேசினாள். பதினைந்து நிமிடத்தில் மருத்துவச்சி செசாரியா பின்வாசல் வழியாக வந்தாள், கையில் ஒரு கட்டுப் பச்சிலையோடு. பார்த்தவர்கள் பச்சிலை பற்றாமல் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். நினைக்கத்தான் கொண்டுவந்தாள்.

அரை மணி நேரம் இருந்தாள். கை கழுவினாள். கட்டிலருகே வந்து மிரெல்லாவின் கன்னத்தில் கை வைத்தாள்.

“போயிடுச்சு கண்ணு.”

“நான் உடனே படுத்திருந்தா?”

“படுத்திருந்தாலும் போயிருக்கும். இது நேத்தே முடிவானது. உன் கையில ஒண்ணும் இல்ல.” நுன்சியாவிடம் திரும்பினாள். “காய்ச்சல் வருதான்னு பாரு. ரத்தம் அதிகமானா லெச்சே ஆஸ்பத்திரிக்கு, விடியற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

போய்விட்டாள். பச்சிலைக் கட்டை மறந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அறை முழுக்க அதன் மணம்.

மிரெல்லா அழவில்லை. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு, நுன்சியா கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள்.

“ரெண்டு கொப்பரைம்மா. பத்து மணிலேர்ந்து நான் தொட்டது ரெண்டு கொப்பரை. கொட்டிடுங்க.”

“எதை?”

“சாஸை. நான் அந்த மாதிரி இருக்கறப்ப தொட்டுட்டேன். எல்லாம் வெடிச்சிடும். என்னாலதான்னு தெரிஞ்சிடும்.”

“ஒண்ணும் வெடிக்காது.”

“வெடிக்கும். நீங்கதானே சொன்னீங்க? நான் வந்த முதல் வருஷமே சொன்னீங்க.”

“நான் சொன்னது பொய்.”

வெளியே யாரோ கொப்பரையை இழுத்து நகர்த்தினார்கள். இரும்பு கல்லில் உரசியது.

“பொய்யா?”

நுன்சியா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். காலை நாலு மணிக்கு எழுந்தவள் அப்போதுதான் முதல் முறையாக உட்கார்ந்தாள்.

“தொனாத்தோவுக்கு முந்தி எனக்கு ஒண்ணு. மூணு மாசம். இதே மாதிரி தக்காளி நாள்தான். என் மாமியா கொப்பரைகிட்ட நிக்கறா, நான் இயந்திரத்துகிட்ட. சொன்னா என்ன ஆகும்னு பயம். சாயங்காலம் பீப்பாய் கொதிக்கற வரைக்கும் நின்னேன். நூத்தி எழுபது பாட்டில்.” கைகளைப் பார்த்துக்கொண்டாள். “ஒண்ணுகூட வெடிக்கல. அடுத்த கோடை வரைக்கும் அதைத்தான் சாப்பிட்டோம். ரொம்ப நல்லாருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“அவன் வேலைக்குச் சேந்த புதுசு. ரயிலுக்குக் கொடி காட்டப் போயிருந்தான்.”

“அப்புறமா?”

“அப்புறம் என்ன, ரயில் போயிடுச்சு. அவன் வீட்டுக்கு வந்தான். பசிக்குதுன்னான்.”

மிரெல்லா முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தாள். வெளுத்த முகத்தில் கோபம் வந்து ஏறியது.

“மூணு வருஷத்துக்கு முந்தி அந்தப் பதினேழு பாட்டில்?”

“கழுத்து வரைக்கும் நிரப்பினா வெடிக்கத்தான் செய்யும். நிரப்பினது உன் மாமனார்.”

“அது உங்களுக்கு அன்னைக்கே தெரியும்.”

“தெரியும்.”

“என்னைத்தான் எல்லாரும் சொன்னாங்க. ராத்திரியெல்லாம் அழுதேன். நீங்க பெருக்கிட்டு இருந்தீங்க.”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

நுன்சியாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும். இதை அவள் போர்வையின் ஓரத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“அது பொய்னு சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அதைச் சொல்லணும்னா அந்த நாளைச் சொல்லணும். முப்பத்தஞ்சு வருஷமா சொல்லாததை எங்கேருந்து எடுத்து ஆரம்பிக்கறது? அதனால நானும் சட்டம்தான் பேசினேன். வேற எல்லாரையும்விட சத்தமா பேசினேன்.”

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பாள். மிரெல்லாவின் கால்களைப் போர்வையால் மூடி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள். இரண்டு முறை செருகினாள்.

“தொனாத்தோகிட்ட இப்ப சொல்லாத,” என்றாள். “ரெண்டு நாள்ல மாதா திருவிழா. சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. முடியட்டும். அதுவரைக்கும் வெயில் தாக்கிடுச்சுன்னு நான் சொல்லிக்கறேன். அப்புறம் ஒரு நல்ல நேரமா பாத்து...”

“நீங்க பாத்தீங்களாம்மா? நல்ல நேரம்?”

நுன்சியா போர்வையின் ஓரத்தை மூன்றாம் முறை செருகினாள்.

*

மூடிகள் வரவில்லை. பாட்டில்கள் வாய் திறந்து நின்றன. நிரப்பினால் மூட முடியாது, மூடாமல் பீப்பாயில் இறக்க முடியாது, இறக்காமல் தீ வைக்க முடியாது. பன்னிரண்டு நாற்பது வந்தது, போனது. அட்டவணையில் ஆறு வரிகள் இருந்தன. இரண்டு பொய்த்துவிட்டன.

ஒரோன்சோவுக்கு இது பொறுக்கவில்லை. அவர் ஆயுளில் தாமதமானது எல்லாம் ரயில்கள்தான், அவர் அல்ல. இன்று முற்றத்தில் நேரப்படி நடக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

நீள மேசையில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கொப்பரையிலிருந்து அப்போதே எடுத்த புது சாஸில் புரட்டிய பாஸ்தா. உப்பில்லை என்று பொம்பீலியா முணுமுணுத்துக்கொண்டே இரண்டாம் தட்டுப் போட்டுக்கொண்டாள்.

“நுன்சியா எங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

“மருமககிட்ட சமாதானம் பேசறா போல,” என்றாள் பொம்பீலியா. “பேசட்டும். நான் பாத்தேனே.”

கடிகார முள் ஒன்றே கால் காட்டியது. ஒரோன்சோ எழுந்தார். கத்தியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டினார். சாத்திய ஜன்னல் பலகைகளுக்கு இந்தப் பக்கம், மிரெல்லா அதைக் கேட்டாள்.

“நண்பர்களே! அண்டை வீட்டார்களே! முப்பத்தொரு ஆண்டுக் காலம் இந்த ஊருக்கு வருகிறவர்களையும் போகிறவர்களையும் வரவேற்று வழியனுப்பியவன் என்ற முறையில்...”

“அவரை நிறுத்துங்கம்மா,” என்றாள் மிரெல்லா.

நுன்சியா எழுந்து ஜன்னல்வரை போனாள். கை பலகையில் இருந்தது. திறக்கவில்லை.

“நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க.”

“...இன்று ஒரு புதிய பயணியின் வருகையைப் பற்றி அறிவிக்கும் பெருமை எனக்குக் கிடைத்திருக்கிறது! வரும் மார்ச் மாதம்...”

மீதி கேட்கவில்லை. கைதட்டல் அதை மூடிவிட்டது. பொம்பீலியா, நாலு வாரமாகத் தெரிந்ததை அந்த நொடிதான் கேள்விப்பட்டவள் மாதிரி வீறிட்டாள். நாற்காலிகள் நகர்ந்தன, கோப்பைகள் மோதின. அதற்கு மேல் வாசலில் ஒரு கார் ஹாரன் நீளமாக ஒலித்தது.

“அப்பா வந்துட்டான்! அப்பா வந்துட்டான்!” என்று பெண்கள் கூவினார்கள். இந்தப் பட்டத்தை இவ்வளவு சத்தமாகத் தொனாத்தோவுக்கு யாரும் இதுவரை கொடுத்ததில்லை. அவன் ஏதோ சொல்வதும், ஒரோன்சோ அவன் முதுகில் தட்டுவதும், மூடிப் பெட்டி மேசையில் கணகணவென்று விழுவதும் அறைக்குள் கேட்டது.

மிரெல்லா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

“எவ்ளோ சந்தோஷமா இருக்கான் பாரு,” என்றாள் நுன்சியா, அவள் பக்கம் திரும்பாமல். “இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு. ரெண்டே நாள்.”

“நீங்களும் ரெண்டு நாள்னுதான் நெனச்சிருப்பீங்க.”

காலடிச் சத்தம் கூடத்தில் கேட்டது. ஓடி வருகிற காலடி. கதவு திறந்தது.

தொனாத்தோ நின்றான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. யாரோ கையில் திணித்த மதுக் கோப்பை பாதி சிந்தியிருந்தது. கன்னத்தில் பொம்பீலியாவின் முத்தம், தக்காளிச் சிவப்பில்.

“கேட்டியா? ஒரு நிமிஷத்துல விட்டுட்டேன்! கல்லிப்போலி வரைக்கும் போனேன், தெரியுமா, ஒரு மூடிக்கு. அதுக்குள்ள கிழவர் முந்திக்கிட்டாரு.” சிரித்தான். பிறகு கட்டிலைப் பார்த்தான். “ஏன் படுத்திருக்கே? பொம்பீலியா சித்தி சொன்னாங்க, அம்மா உன் மேல எதையோ கொட்டிட்டாங்களாமே. அம்மா, என்னம்மா நீங்க?”

“வெயில் தாக்கிடுச்சு...” என்று நுன்சியா ஆரம்பித்தாள்.

“இல்ல,” என்றாள் மிரெல்லா.

முற்றத்திலிருந்து ஒரோன்சோவின் குரல் வந்தது. “நுன்சியா! மூடி வந்தாச்சு! எல்லாரும் காத்திருக்காங்க, நாப்பது நிமிஷம் தாமதம்!”

நுன்சியா அந்தக் குரலுக்கு நகர்ந்தாள். முப்பத்தாறு வருடப் பழக்கம்; கூப்பிட்டால் கால் தானாகப் போகும். மகனைத் தாண்டி வாசற்படி வரை வந்துவிட்டாள்.

“அம்மா.” மிரெல்லாவின் குரல் மெதுவாகத்தான் வந்தது. “போகாதீங்க. நான் என்னோடதைச் சொல்றேன். நீங்க உங்களோடதைச் சொல்லுங்க. என்னால தனியா முடியாது.”

“என்ன சொல்லணும்? யாரு?” என்றான் தொனாத்தோ.

“நுன்சியா!” என்றது முற்றம்.

அவள் படியில் நின்றாள். ஒரு கால் கூடத்தில், ஒரு கால் அறையில். பிறகு கூடத்துக் காலை உள்ளே எடுத்து வைத்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.

தொனாத்தோ கட்டிலையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். யாரை முதலில் கேட்பது என்று தெரியாமல், கையில் கோப்பையோடு, இன்னும் சிரித்துக்கொண்டே நின்றான்.